ஊத்தங்கரைக்கு எத்தனை வீடு?

2024 டிசம்பர் 2ஆம் தேதி காலையில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையின் பெயர் தமிழ்நாடு முழுக்க அடிபட்டது. கரையைக் கடந்து வலுக்குறைந்த ஃபெஞ்சல் புயல் உள்மாவட்டங்கள் பக்கம் நகர்ந்து வந்ததில், 24 மணி நேரத்தில் இங்கே 50 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம் சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் இழுத்துக்கொண்டு போனதை ஊரே, அப்புறம் நாடே கைப்பேசியில் பார்த்தது. அந்த 50 சென்டிமீட்டர் என்ற எண்ணைத் தந்தது ஒரு மழைமானி. திறந்தவெளியில் ஒரு கருவி, காலையில் வந்து அளவு பார்க்க ஓர் ஆள். அவ்வளவுதான் செலவு.

இதே ஊரைப் பற்றி இன்னும் சில கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். ஊத்தங்கரையில் நூறு பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை? பக்கத்து ஊர்களான கல்லாவியிலும் சிங்காரப்பேட்டையிலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் எத்தனை பேர்? தனக்குப் பிரஷர் இருப்பது தெரியாமலேயே பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஆண்கள் எத்தனை பேர்? இவற்றுக்கு ஊர் அளவில் எண் கிடையாது. இந்திய அரசு லட்சக்கணக்கான வீடுகளின் கதவைத் தட்டி, உலகின் மிகப் பெரிய குடும்பநலக் கணக்கெடுப்புகளில் ஒன்றை நடத்திய பிறகும் கிடையாது. ஏன் கிடையாது, இருக்கிற எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் இந்த அத்தியாயம்.

மழை ஒரு தெருவில் ஏறக்குறைய ஒரே அளவாகப் பெய்கிறது. ரத்தம் அப்படி இல்லை. ஒரே கூரையின் கீழே மாமியாருக்கு ஹீமோகுளோபின் 13, மருமகளுக்கு 9 என்று இருக்கும். பக்கத்து வீட்டில் நிலைமை தலைகீழாக இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும் ஒன்றை அளக்க ஒரு கருவியை ஓரிடத்தில் நட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது. ஆட்களைத் தேடிப் போகவேண்டும்.

அப்படியானால் ஆஸ்பத்திரிப் பதிவேடு போதாதா என்று தோன்றும். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நாள்தோறும் பிரஷர் பார்க்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பதிவேட்டில் இருப்பது வந்தவர்களின் கணக்கு. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் ஏறக்குறைய எல்லோருமே பரிசோதனைக்கு வந்துவிடுவதால் அவர்களைப் பொறுத்தவரை பதிவேடு உருப்படியான ஆவணம். நாற்பத்தைந்து வயது ஆணைப் பொறுத்தவரை அது வெற்றுத்தாள். உயர் ரத்த அழுத்தம் வலிக்காது. சர்க்கரை ஆரம்பத்தில் வலிக்காது. கால் மரத்துப் போய், புண் ஆறாமல் அவர் வந்து நிற்கும்போது நோய்க்குப் பத்து வயதாகியிருக்கும். வராதவர்களை எண்ணவேண்டுமானால் அவர்கள் வீட்டுக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்த யோசனை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1863இல் டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்ற மருத்துவர் சென்னை மாகாண மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதையும் மாவட்டச் சிறைகளில் கைதிகளுக்கு என்ன போடுகிறார்கள் என்பதையும் பற்றிய அறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டார். ஊத்தங்கரை அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தத் தொகுப்பை இன்றைய அர்த்தத்தில் கணக்கெடுப்பு என்று சொல்ல முடியாது. மாவட்ட மருத்துவர்கள் எழுதியனுப்பியதுதான் தரவு, சாப்பிட்டவர்களை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அது வீண்போகவில்லை. 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று. வைஸ்ராயின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதாவது சுமார் 450 கிராமும், சொற்பக் காசும் போதும் என்றார். மாகாணத்தின் சுகாதார ஆணையராகியிருந்த கார்னிஷ் அதை எதிர்த்தார். மண் சுமக்கும் மனிதனுக்கு அது உயிர் தாங்கக்கூடப் போதாது என்று சொல்ல அவரிடம் வெறும் இரக்கம் மட்டும் இல்லை, சிறை உணவுக் கணக்குகளும் இருந்தன. சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான். சாப்பாட்டை எண்ணாக எழுதி வைப்பது எதற்குப் பயன்படும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தச் சண்டையைத்தான்.

அடுத்த திருப்பம் குன்னூரில். 1918இல் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. 1930களில் அதன் இயக்குநராக இருந்த ஐக்ராய்டும் அவருடைய சகாக்களும் தென்னிந்தியக் கிராமங்களுக்குப் போய், சமைப்பதற்கு முன் வீட்டுத் தானியத்தைத் தராசில் நிறுத்து எழுதினார்கள். 1937இல் ஐக்ராய்டு வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை பல பதிப்புகள் கண்டது. பிற்காலத்தில் அதைத் திருத்தி விரித்தவர்களில் முதன்மையானவர் சி. கோபாலன், சேலத்துக்காரர். அவர் இயக்குநராக இருந்தபோதுதான், 1972இல், தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பகம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு உள்ளிட்ட பத்து மாநிலங்களில் அதன் குழுக்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வீடு வீடாகப் போய்ச் சாப்பாட்டை அளந்தன. 2015இல் அதை மூடிவிட்டார்கள். நல்ல தராசைப் பரணில் போடுவதில் நமக்கு ஒரு தனித் திறமை உண்டு.

சாப்பாட்டை அளப்பது எப்படி என்பதை இந்தப் பகுதியின் கேழ்வரகுக் களியை வைத்தே பார்த்துவிடலாம். “நேத்து என்னம்மா சாப்பிட்டீங்க?” என்று கேட்டால் “களியும் கீரைக் குழம்பும்” என்று பதில் வரும். எவ்வளவு என்றால் “ஒரு உருண்டை”. ஒரு வீட்டு உருண்டை இன்னொரு வீட்டு உருண்டை அல்ல. கண்காணிப்பகத்தின் குழுக்கள் இதற்கு அளவுக் கிண்ணங்களின் தொகுப்பு ஒன்றை எடுத்துப் போவார்கள். வீட்டில் நேற்று எத்தனை கிராம் மாவு எடுத்தார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வார்கள். கிண்டிய களி மொத்தம் எத்தனை கிண்ணம், அதில் ஒவ்வொருவரும் சாப்பிட்டது எத்தனை கிண்ணம் என்று காட்டச் சொல்வார்கள். ஒரு கிலோ மாவு இருபது கிண்ணம் களி ஆயிற்று, தாத்தா ஆறு கிண்ணம் சாப்பிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வயிற்றுக்குப் போன மாவு 300 கிராம். இனி அட்டவணையைப் பார்த்தால் போதும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தாத்தாவுக்குக் கிடைத்தது ஆயிரத்துக்கு மேல். ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 1,000. கேழ்வரகிலேயே இருக்கும் ஃபைட்டேட் போன்ற பொருள்கள் தடுப்பதால் இதில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும் என்பது வேறு. அதே 300 கிராமைத் தீட்டிய அரிசியாகச் சாப்பிடும் பேரனுக்குக் கிடைப்பது இருபத்திச் சொச்சம் மில்லிகிராம்தான். 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். மானாவாரிக் கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்கள் பலவற்றில் மாங்கன்று நட்டாயிற்று. மூன்று வேளையும் களியாக இருந்த வீடுகளில் அது வாரத்துக்கு ஒருநாள் என்று ஆனதன் விலை இந்தக் கணக்கில் தெரிகிறது.

ஆனால் கிண்ணம் அளப்பது வீட்டுப் பானையை. பேருந்து நிலையத்தில் டீக்கு முன்னால் சாப்பிட்ட பஜ்ஜியும், கம்பெனி கேன்டீனும், பள்ளிக்கூட வாசலில் ஐந்து ரூபாய்க்கு வாங்கிய மசாலா பாக்கெட்டும் பானைக்குள் வராது. அந்தத் திசையில் வெளிச்சம் தருவது உணவைக் கேட்காமல் பணத்தைக் கேட்கும் வேறொரு கணக்கெடுப்பு. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி கிராமப்புற இந்தியா தானியத்துக்குச் செலவிட்டது மொத்தச் செலவில் ஏறக்குறைய 5 சதவீதம். பானங்கள், பதப்படுத்திய உணவுகளுக்கு 9.6 சதவீதம்.

இனி பெரிய கணக்கெடுப்புக்கு வருவோம். தேசியக் குடும்பநல ஆய்வு 1992-93இல் தொடங்கியது. மும்பையில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக நடத்துவது. ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது: 707 மாவட்டங்கள், 6,36,699 குடும்பங்கள், 7,24,115 பெண்கள், 1,01,839 ஆண்கள். தமிழ்நாட்டில் 27,929 குடும்பங்கள். அப்போதைய மாவட்டப் பட்டியல் பழையது. தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள்தான். ஊத்தங்கரையை ஒட்டியிருக்கும் திருப்பத்தூர் அந்தப் பட்டியலில் வேலூருக்குள் இருக்கிறது. ஊத்தங்கரையின் முகவரியும் இப்படி மாறியதுதான்: 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரிக்குப் போனது, 2004இல் கிருஷ்ணகிரிக்கு. இந்த ஆய்வு மாவட்ட அளவில் எண் தரத் தொடங்கியதே 2015-16இல் நடந்த நான்காவது சுற்றில்தான் என்பதால், “முப்பது ஆண்டுகளில் கிருஷ்ணகிரி” என்று யாராவது இதை வைத்து வரைபடம் போட்டுக் காட்டினால் அதைச் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும்.

வீடுகளைத் தேர்ந்தெடுப்பது குலுக்கல் போல, ஆனால் கவனமாக அடுக்கிய குலுக்கல். முதலில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து கிராமங்களும் நகரப் பகுதிகளில் கணக்கெடுப்பு வட்டங்களும் தேர்வாகின்றன. பெரிய ஊருக்குத் தேர்வாகும் வாய்ப்பு அதற்கேற்ப அதிகம். தேர்வான இடத்துக்கு ஒரு குழு முன்கூட்டியே போய் வரைபடம் வரைந்து, எல்லா வீடுகளையும் பட்டியலிடும். அந்தப் பட்டியலிலிருந்து 22 வீடுகள். 220 வீடு இருந்தால் பத்துக்கு ஒன்று, சீரான இடைவெளியில். தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு போக அனுமதி இல்லை. இந்த ஒரு விதிதான் கணக்கெடுப்புக்கும் சும்மா விசாரிப்பதற்கும் உள்ள வித்தியாசம். திறந்திருக்கும் வீட்டையே நாடிப் போனால், திறந்திருக்கும் வீடுகளின் நாடு ஒன்றைத்தான் கண்டுபிடிப்போம்.

சரி, ஊத்தங்கரைக்கு எத்தனை வீடு? 27,929ஐ 32ஆல் வகுத்தால் மாவட்டத்துக்குச் சராசரி சுமார் 870 குடும்பங்கள். இருபத்திரண்டு இருபத்திரண்டாகப் பிரித்தால் ஏறத்தாழ 40 இடங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், தளி, கெலமங்கலம், சூளகிரி, வேப்பனப்பள்ளி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், மத்தூர், ஊத்தங்கரை என்று பத்து ஒன்றியங்கள். நகரப் பகுதிகள் தனி. ஆக ஓர் ஒன்றியத்தின் பங்கு மூன்று அல்லது நான்கு இடங்கள், எண்பது தொண்ணூறு வீடுகள். இது வகுத்தல் கணக்குதான். குலுக்கலில் கூடலாம், குறையலாம்.

எண்பது வீடு போதாதா? இங்கே புள்ளியியலின் ஒரு விசித்திரத்தைச் சொல்லவேண்டும். ஒரு மாதிரியின் துல்லியம் அது எவ்வளவு பெரிய மக்கள்தொகையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்ததல்ல. எத்தனை பேரை அளந்தோம் என்பதையே பொறுத்தது. 140 கோடி பேரின் நாட்டுக்கும் 18.8 லட்சம் பேரின் மாவட்டத்துக்கும் ஒரே துல்லியம் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில் ஆட்களை அளக்கவேண்டும். பலர் இதை நம்ப மறுப்பார்கள். 870 பெண்களை அளந்து பாதிப்பேருக்கு ரத்தசோகை என்று வந்தால், உண்மை 47க்கும் 53க்கும் நடுவில் இருக்கும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தெருத்தெருவாக அடுத்தடுத்த வீடுகள் ஒன்றுபோல இருக்கும் என்பதால் நடைமுறையில் இந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் விரியும். 90 பெண்களை மட்டும் அளந்தால் அது 40 முதல் 60 வரை போய்விடும். பிள்ளைகளின் கணக்கு இன்னும் மோசம். பெண்ணுக்கு 1.8 பிள்ளை என்ற அளவுக்குப் பிறப்புவிகிதம் குறைந்துவிட்ட மாநிலத்தில், 870 வீடுகளில் ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் இருந்துவிடப் போகிறார்கள்? 200 பேர் என்று கொண்டால், அவர்களில் 15 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் என்ற முடிவின் உண்மையான பொருள் “10 முதல் 20 வரை ஏதோ ஒன்று” என்பதுதான். கிருஷ்ணகிரி பதினெட்டாவது இடத்திலிருந்து பன்னிரண்டாவது இடத்துக்கு முன்னேறியது என்கிற மாதிரி மாவட்டங்களை வரிசைப்படுத்தி அறிக்கை வருகிறதே, அதில் பெரும்பகுதி குலுக்கலின் ஆட்டம்தான். ஆட்சியர்கள் இதற்காகப் பாராட்டும் திட்டும் வாங்குவது அநியாயம்.

மாநில அளவுக்குப் போனால் எண்கள் நிலைகொள்கின்றன. அங்கேதான் விஷயமும் இருக்கிறது. நான்காவது சுற்றிலிருந்து ஐந்தாவது சுற்றுக்குள் தமிழ்நாட்டில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் 27.1 சதவீதத்திலிருந்து 25.0 ஆனார்கள். அதிக எடையுள்ள பெண்கள் 30.9இலிருந்து 40.4, ஆண்கள் 28.2இலிருந்து 37.0. ரத்தசோகை உள்ள பெண்கள் 55.0இலிருந்து 53.4, ஏறக்குறைய அசையவே இல்லை. பத்தில் நான்கு பேருக்கு எடை அதிகம், பத்தில் ஐந்து பேருக்கு மேல் ரத்தத்தில் இரும்புச்சத்தோ வேறு சத்தோ போதவில்லை. இரண்டுமே இவ்வளவு பெரிய பங்காக இருக்கையில், கொழுத்த உடம்பில் வெளுத்த ரத்தத்தோடு இருக்கும் பெண்கள் கொஞ்சநஞ்சம் பேராக இருக்க வாய்ப்பில்லை. பசி என்றால் மெலிவு, செழிப்பு என்றால் பருமன் என்ற பழைய படத்தை இந்த எண்கள் கலைத்துவிட்டன. இதை எந்த ஆஸ்பத்திரிப் பதிவேடும் சொல்லியிருக்காது.

இன்னோர் எண் இடிக்கிறது. அதே இடைவெளியில் ரத்தசோகை உள்ள குழந்தைகள் 50.7இலிருந்து 57.4 சதவீதமாக உயர்ந்தார்கள். உயரம் கூடுகிறது, எடை கூடுகிறது, ரத்தம் மட்டும் குறைகிறதா? இங்கே அளக்கும் முறையைக் கவனிக்கவேண்டும். கணக்கெடுப்புக் குழு விரல்நுனியில் ஊசி குத்தி, முதலில் வரும் துளிகளைத் துடைத்துவிட்டு, அடுத்த துளியைச் சிறு சில்லில் வாங்கி, கையடக்கக் கருவியில் வைத்து ஹீமோகுளோபின் பார்க்கிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்வதற்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் துளி சரியாக வராத பிஞ்சு விரலைப் பிதுக்கினால் திசுக்களில் உள்ள நீரும் சேர்ந்து வரும், ரத்தம் நீர்த்துப் போகும், எண் தாழும். எண் கொஞ்சம் தாழ்ந்தாலும் குழந்தைகளுக்கான எல்லைக்கோடான 11 கிராமுக்குக் கீழே ஏராளமானவர்கள் விழுந்துவிடுவார்கள், ஏனென்றால் அந்தக் கோட்டை ஒட்டித்தான் கூட்டம் அதிகம். 2016-18இல் நாடு முழுக்க 1,12,316 குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் உட்படுத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு நடந்தது. அதில் ரத்தப் பரிசோதனைக்கு நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். ஒன்று முதல் நான்கு வயதினரில் 41 சதவீதம் பேருக்குத்தான் ரத்தசோகை. அதற்குச் சற்று முந்தைய நான்காவது குடும்பநல ஆய்வு விரல்துளியில் கண்டது சுமார் 59. வயதுப்பிரிவில் சின்ன வேறுபாடு இருந்தாலும் பதினெட்டுப் புள்ளிகள் என்பது வேடிக்கையல்ல. இரும்புச்சத்து மாத்திரைக்கு எத்தனை கோடி ஒதுக்குவது என்பது இதைப் பொறுத்தது. ஆறாவது சுற்றில் ஹீமோகுளோபின் பரிசோதனையே விலக்கப்பட்டது. அந்த வேலை, நரம்பு ரத்தத்தைப் பயன்படுத்தும் தனி ஆய்வாக, ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திடம் போயிருக்கிறது. முறையை மேம்படுத்துவது சரியே. ஆனால் பழைய முறையை ஒரு சுற்றாவது புதியதோடு சேர்த்து வைத்திருந்தால் இரண்டையும் இணைக்க ஒரு பாலம் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

அளப்பதில் வேறு வளைவுகளும் உண்டு. பெண்களுக்கான கேள்விகள் 15 முதல் 49 வயது வரையில்தான்; நேர்காணல் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இப்படிப்பட்ட கணக்கெடுப்புகளில் உலகெங்கும் ஒரு விசித்திரம் தென்படும்: 49 வயதுப் பெண்கள் எண்ணிக்கையில் குறைந்து 50 வயதுப் பெண்கள் திடீரென்று பெருகிவிடுவார்கள். ஆறு மணிக்குள் நாலு வீட்டை முடிக்கவேண்டிய களப்பணியாளரின் களைப்பு அந்த எண்ணில் இருக்கிறது. எல்லைப்புறமான இங்கே மொழியும் சேர்ந்துகொள்ளும். வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் குடும்பங்களிடம் வாசலில் தமிழில் கேள்வி. கருச்சிதைவு, கணவன் அடிப்பது, மாதவிலக்கு பற்றியெல்லாம் இரண்டாம் மொழியில், மாமியார் காதில் விழும் தூரத்தில், எவ்வளவு மனம்திறந்து பேச முடியும்?

தமிழ்நாட்டு எண்களில் ஒரு பெருந்தொற்றும் கலந்திருக்கிறது. இங்கே களப்பணி 2020 தொடக்கத்தில் ஆரம்பித்து, ஊரடங்கால் மார்ச்சில் நின்று, ஆண்டுக் கடைசியில்தான் மீண்டும் தொடங்கியது. வேலை போய் பெங்களூரிலிருந்து மூட்டை முடிச்சோடு திரும்பியவர்களின் வீடும், அதற்கு முந்தைய பொங்கலின் நிம்மதியான வீடும் ஒரே சராசரிக்குள் அடங்கியிருக்கின்றன.

எனக்கு இவையெல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளியாகப் படுவது வீட்டில் இல்லாதவர்கள். குடும்பக் கணக்கெடுப்பு என்பது, பெயரே சொல்வதுபோல, குடும்பங்களில் நடக்கிறது. விடுதிகள் அதற்குள் வராது. ஓசூரைச் சுற்றியுள்ள மின்னணுத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான இளம்பெண்களை விடுதிகளில் தங்கவைத்து வேலை வாங்குகின்றன. அவர்களில் பலர் பிற மாநிலத்தவர். ஒடிசா, பிகார் ஆண்கள் ஓர் அறையில் ஆறேழு பேராக இருக்கிறார்கள். அந்த அறை பட்டியலில் வீடாக ஏறுவதும் ஏறாததும் பட்டியல் எடுத்தவரைப் பொறுத்தது. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்டுகளுக்குப் போகிற பெண்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி இருட்டிய பிறகு இறங்குகிறார்கள். குழு மறுபடி மறுபடி வரவேண்டும் என்பது விதி. ஆனால் அடுத்த கிராமத்துக்கு வண்டி கிளம்பும் நாளும் வந்துவிடும். கட்டட வேலைக்குப் போன கணவன் முந்தைய இரவு வீட்டில் தங்கவில்லை என்றால் அவர் உடம்பு இந்தக் கணக்கில் இல்லை. இந்தத் தொழில் மண்டலத்தின் உணவை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் கேன்டீன் சாப்பாடும் இரவு ஷிப்ட்டுமாக வாழும் இந்தத் தலைமுறைதான். அவர்கள்தான் மாதிரியில் நழுவுகிறார்கள். மாவட்டச் சராசரி இந்த நழுவலை மூடிவிடும். மேற்கே ஓசூர் ஒரு நகரமாக வீங்க, கிழக்கே ஊத்தங்கரை பாம்பாறு அணையையும் மழையையும் பார்த்துக்கொண்டு இருக்க, இரண்டையும் கூட்டி வகுத்து வரும் “கிருஷ்ணகிரி” என்ற ஊரில் யாருமே குடியிருக்கவில்லை.

கேட்கப்படாத கேள்விகளும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், இன்னும் மிகுந்தால் எலும்பு இறுகும். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. குடும்பநல ஆய்வு குடிநீர் குழாயில் வருகிறதா, கிணற்றில் எடுக்கிறீர்களா என்று கேட்கும், பல்லைப் பார்க்காது. தேசிய அளவில் கேள்விகளை வகுக்கும்போது உள்ளூர் நோய் உதிர்ந்துவிடும்.

இவ்வளவு ஓட்டைகள் இருந்தும் கணக்கெடுப்பை நான் ஏன் பெரிதாக மதிக்கிறேன்? அமெரிக்காவில் 1976 முதல் 1980 வரை நடந்த தேசிய உடல்நல, ஊட்டச்சத்துப் பரிசோதனை ஆய்வில், டிரெய்லர் வண்டிகளில் ஊர் ஊராகப் போய் மக்களின் ரத்தத்தில் ஈயத்தை அளந்தார்கள். நான்கே ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. பெட்ரோலில் ஈயம் கலப்பது குறைந்த வேகமும் ரத்தத்தில் ஈயம் குறைந்த வேகமும் அடுத்தடுத்துப் போட்ட கோடுகள்போல ஒன்றாகவே இறங்கின. பெட்ரோலிலிருந்து ஈயத்தை முழுக்க நீக்கும் வாதத்துக்கு அந்தக் கோடுகள் பெரும்பலம் தந்தன. ஒரு மருத்துவர் தன் நோயாளிகளை ஆயுள் முழுக்கப் பார்த்தாலும் இது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

நம் பக்கத்து உதாரணம் இன்னும் அண்மையது. 2020இல் தமிழ்நாட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஸ்டெப்ஸ்’ முறையில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. முதலில் கேள்விகள், அடுத்து உடல் அளவுகள், அதற்கடுத்து ரத்தம், சிறுநீர், மூன்று படிகள். முடிவு: பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இதைவிட அதிர்ச்சியானது அடுத்த வரி. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான், சர்க்கரையில் 10.8. இலவச மாத்திரை, நல்ல ஆரம்ப சுகாதார நிலையங்கள், நாடே மெச்சும் மருந்துக் கொள்முதல் அமைப்பு எல்லாம் இருக்கும் மாநிலத்தில் இந்த நிலை. மாத்திரை நிலையத்தில் இருக்கிறது, நோயாளி நூறு நாள் வேலையிலோ மாந்தோப்பிலோ இருக்கிறார். மாதம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க அவருக்குக் கட்டுப்படி ஆகவில்லை.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தொடங்கிய இடம் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமம். மகளிர் தன்னார்வலர் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரையைக் கையில் கொடுக்கிறார். கணக்கெடுப்பு எந்தக் கதவைத் தட்டியதோ அதே கதவை மருத்துவமும் தட்டுகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. விருதைவிட முக்கியமானது இரண்டாம் ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு: ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் 7.3இலிருந்து 17 சதவீதம், சர்க்கரை 10.8இலிருந்து 16.7. ரத்த அழுத்தத்தில் இரட்டிப்புக்கு மேல் என்று சொல்லிக் கைதட்டலாம். நூறு பேரில் 83 பேருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே எண்தான்.

அந்த 83 பேர் யார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் அடுத்த வேலை. பகலில் வீட்டில் இருக்கும் அறுபது வயதுக்காரரைத் தன்னார்வலர் எளிதில் பிடித்துவிடுவார். நாற்பது வயதில் ஷிப்ட்டுக்குப் போகிறவரைப் பிடிக்க 2024 ஜனவரியில் ‘தொழிலாளர்களைத் தேடி மருத்துவம்’ என்று தொழிற்சாலைக்கே போகும் ஏற்பாடு ஒன்று வந்தது. ஓசூரின் பெரிய கம்பெனிக்காரருக்கு அது எட்டும். ஊத்தங்கரையிலிருந்து திங்கட்கிழமை விடிகாலை வண்டியில் பெங்களூருக்குப் போய்ச் சனிக்கிழமை இரவு திரும்புகிற கொத்தனாருக்குப் பணியிடம் கர்நாடகத்தில், வீடு தமிழ்நாட்டில். ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் தூங்கி எழுந்து டீ குடிக்கும் நேரத்துக்குள், யாராவது அந்த வாசலுக்குப் போகவேண்டும்.